நாளை எண்ணுங்கள், வரி தெரியும்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர், சிவகாசி வட்டாரத்திலிருந்து வந்த வெளிநாட்டு வருமான வரிக் கேள்விகள் இந்த முறை. எழுதியவர்களில் பலர் சம்பாதிக்கிறவர்கள் அல்ல. ஊரில் இருந்து பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களும் மனைவிகளும். அவர்களை மனதில் வைத்தே பதில்கள்.

கேள்வி (மல்லாங்கிணறு, ஒரு தாய்): மகன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அங்கே வரி இல்லாததால் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டியே ஆகணும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ராத்திரி தூக்கம் வரலை.

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் அவர் இந்தியாவில் தங்கியது 182 நாளுக்குக் குறைவு என்றால், துபாயில் உழைத்து துபாயில் வாங்கிய சம்பளத்தை நம் வரிச் சட்டம் தொடாது. அந்தப் பேச்சு கிளம்பியது 2020 பட்ஜெட்டில். எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகவே கருதுவோம் என்று ஒரு வாசகம் வந்தது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் எல்லாம் பதறிப்போயின. மறுநாளே, பிப்ரவரி 2ஆம் தேதி, உழைக்கப் போனவர்களின் சம்பளத்துக்கு இது இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. பிறகு சட்டமானபோது, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. அவர்களுக்கும்கூட வெளிநாட்டுச் சம்பளத்தின் மீது இங்கே வரி விழாது.

கேள்வி (சிவகாசி): ஆஃப்செட் மிஷின் ஆபரேட்டர். தீபாவளி சீசன் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு 2025 அக்டோபர் 25 அன்று கத்தார் வந்தேன். நான் என்ஆர்ஐ (வெளிநாடு வாழ் இந்தியர்) தானே?

2025-26க்கு இல்லை தம்பி. சிவகாசிப் பக்கம் நிறையப் பேர் இடறுகிற இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 25 வரை எண்ணிப் பாருங்கள், 208 நாள் வருகிறது. 182ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 2025-26 முழுவதற்கும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். முந்தைய ஆண்டுகளிலும் ஊரிலேயே இருந்ததால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கில் சேரும். நவம்பர் முதல் மார்ச் வரை கத்தாரில் வாங்கிய சம்பளமும் அதில் அடக்கம். செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறியிருந்தால் 181 நாளோடு முடிந்திருக்கும். வேலை விசா கையில் இருந்தும் தீபாவளிக்காகக் காத்திருப்பவர்கள் இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பதற வேண்டாம். இங்கே வசிப்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடி வரியைப் பூஜ்யமாக்கிவிடும். சிவகாசிச் சம்பளம், கத்தார் சம்பளம் இரண்டையும் கூட்டியும் அதற்குள் இருந்தால் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். போன கையோடு தோஹாவில் சம்பளக் கணக்குத் திறந்திருப்பீர்கள். அது வெளிநாட்டுச் சொத்து. ரிட்டர்னில் அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது. அதில் டிசம்பர் 31 வரையிலான நிலவரத்தைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் 10 லட்சம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். இருந்தாலும் காட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு லீவில் வந்து 182 நாளுக்குள் திரும்பிவிட்டால் நீங்கள் முழு என்ஆர்ஐ.

கேள்வி (காரியாபட்டி): வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ண வேண்டுமா?

எண்ணுங்கள். தீர்ப்புகள் இரு பக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்தும் கணக்கு 182க்குக் குறைவாக நின்றால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை. துபாய் ஸ்மார்ட் கேட்டில் முத்திரை குத்த மாட்டார்கள் என்பதால் விமான டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி (விருதுநகர்): வெளிநாட்டில் வேலை இல்லை, சொந்தக் கடை வைத்திருக்கிறேன். 182 நாள் சலுகை எனக்குக் கிடையாதா?

உண்டு, அண்ணாச்சி. தொழில் செய்யப் போவதும் வேலைக்குப் போவதாகவே கணக்கு என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் விருதுநகரில் மண்டி, குடோன் வாடகை, பங்கு என்று 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் இருந்தால் வேறு கணக்கு. ஊருக்கு வந்து தங்கும் நாளுக்கு எல்லை 182 அல்ல, 120. கடந்த நாலு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தவர்களுக்கு இந்த விதி பொருந்தும். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வந்து தங்குகிற வியாபாரிகள் இந்த 120ஐ மறந்துவிடக் கூடாது.

கேள்வி (மல்லாங்கிணறு, ஒரு மனைவி): அவர் சவூதியிலிருந்து மாதம் 30,000 அனுப்புகிறார். செலவு போக மிச்சத்தை என் பெயரில் எஃப்டி போட்டிருக்கிறேன். எனக்கு வரி வருமா?

அனுப்பும் பணத்துக்கு ஒரு பைசா வரி இல்லை. கணவர் மனைவிக்கும், மகன் பெற்றோருக்கும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குகிறவர் கையில் அது வருமானம் ஆகாது. எஃப்டி வட்டிதான் வருமானம். கணவர் கொடுத்த பணத்தில் போட்ட எஃப்டியின் வட்டியைச் சட்டம் உங்கள் வருமானமாகப் பார்க்காது. அவர் வருமானத்தோடு சேர்த்துவிடும். அதைவிட நல்ல வழி, அவர் பெயரிலேயே என்ஆர்இ கணக்கில் எஃப்டி போடுவது. அவர் வெளிநாட்டில் வசிக்கும் வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை. மாமனார், மாமியாருக்கு அவர் கொடுத்து அவர்கள் எஃப்டி போட்டால் வட்டி அவர்கள் கணக்கில் நிற்கும்; அதில் தவறில்லை.

கேள்வி (திருச்சுழி): அண்ணன் வெளிநாடு போனதை வங்கியில் சொல்லவில்லை. பழைய சேமிப்புக் கணக்கே ஓடுகிறது. எஃப்டிக்கு 15ஜி கொடுத்து டிடிஎஸ் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம். சரிதானே?

இரண்டுமே தவறு, தம்பி. இந்த வாரமே சரி செய்யுங்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அன்னியச் செலாவணி விதி. 15ஜி என்பது இங்கே வசிப்பவர் மட்டும் கொடுக்கக்கூடிய உறுதிமொழி. அண்ணன் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி.

என்ஆர்ஓவுக்கு மாற்றினால் டிடிஎஸ் போகுமே என்றுதான் பலர் தயங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 6 லட்சம் எஃப்டி, 7 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 42,000. என்ஆர்ஓவில் 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள். ஆக 13,104 ரூபாய் போய்விடும். பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். அண்ணனுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டால் 13,104 ரூபாயும் திரும்பி வரும். போடாவிட்டால் அது அரசாங்கத்திடமே நின்றுவிடும். எத்தனையோ வீடுகளில் வருடக்கணக்காக இப்படிப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. வியர்வை சிந்தி அனுப்பிய பணம் ஒரு படிவம் போடாததால் வீணாவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ரிட்டர்னில் கவனிக்க வேண்டியது இரண்டு. என்ஆர்ஐ ஐடிஆர்-1 போடக் கூடாது. எஃப்டி வட்டி, வாடகை மட்டும் உள்ளவருக்கு ஐடிஆர்-2. அடுத்து, டிவியில் சொன்ன அந்த 12 லட்சம் வரி இல்லாத சலுகை என்ஆர்ஐக்குக் கிடையாது. 87ஏ தள்ளுபடி இங்கே வசிப்பவருக்கு மட்டும். இந்திய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம் தொடங்கும்.

கேள்வி (மல்லாங்கிணறு): நம்ம ஊர்க்காரர் தங்கம் தென்னரசு 2023இல் தமிழ்நாட்டின் நிதியமைச்சர் ஆனாரே. வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கு வரிச் சலுகை கொடுக்க அந்தப் பதவிக்கு அதிகாரம் உண்டா?

கிடையாது. வருமான வரி ஒன்றிய அரசின் பட்டியலில் 82ஆவது இனம். மாநிலப் பட்டியலில் இருப்பது விவசாய வருமானத்தின் மீதான வரி மட்டும், 46ஆவது இனம். வசூலாகும் வருமான வரியில் மாநிலங்களுக்கு ஒரு பங்கு வரும். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 சதவீதம். என்ஆர்ஐக்கும் 87ஏ தள்ளுபடி வேண்டும் என்று கேட்க வேண்டிய இடம் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். கேளுங்கள், நியாயமான கோரிக்கை.

கேள்வி (காரியாபட்டி): தோஹாவில் சேர்த்த பணத்தில் ஊரில் மூணு ஏக்கர் கரிசக்காடு வாங்க ஆசை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லையாமே?

வருமானத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. பருத்தி போட்டாலும் மிளகாய் போட்டாலும் என்ஆர்ஐக்கும் அந்த விலக்கு உண்டு. ஆனால் என்ஆர்ஐயாக இருந்துகொண்டு விவசாய நிலம் விலைக்கு வாங்கவே முடியாது. அன்னியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. அப்பா வழியில் வந்த நிலமும், போவதற்கு முன்பே வாங்கிய நிலமும் உங்களிடமே இருக்கலாம். வீட்டு மனையும் வீடும் தாராளமாக வாங்கலாம்.

அப்பா பெயரில் வாங்கிவிடலாம் என்று புரோக்கர் சொல்வார். அப்பாவுக்கு மனசாரக் கொடுத்து, அவர் தனக்கென்று வாங்கினால் அது அவர் நிலம். நாளைக்கு உங்கள் தம்பி, தங்கைக்கும் அதில் உரிமை வரும். பெயர் அப்பாவுக்கு, நிலம் எனக்கு என்று மனதுக்குள் வைத்து வாங்கினால் பினாமிச் சட்டத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். ஊர் திரும்பி நிரந்தரமாகத் தங்கிய பிறகு வாங்குங்கள். கரிசக்காடு எங்கும் போய்விடாது.

கேள்வி (அருப்புக்கோட்டை): சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் மனையை நான் வாங்குகிறேன். விலை 20 லட்சம். 50 லட்சத்துக்குக் கீழ் டிடிஎஸ் இல்லை என்கிறார் பத்திரம் எழுதுபவர்.

விற்பவர் இங்கே வசிப்பவராக இருந்தால் அவர் சொன்னது சரி. என்ஆர்ஐ விற்றால் ஒரு லட்சம் ரூபாய் மனைக்கும் டிடிஎஸ் உண்டு. பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் தேடி வரும், மச்சினனை அல்ல.

அவர் 2012இல் 6 லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். லாபம் 14 லட்சம். 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து உண்மையான வரி 1,82,000. வாங்குகிறவர்கள் பயத்தில் முழு 20 லட்சத்துக்கும் பிடித்துவிடுவார்கள், அது 2,60,000. கூடுதலாகப் போகும் 78,000 ரூபாய்க்காக மச்சினன் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு ரெண்டு மூணு மாதம் முன்பே அவர் ஆன்லைனில் குறைந்த டிடிஎஸ்ஸுக்கான சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கட்டும். சான்றிதழ் வந்தால் அதில் உள்ள தொகையை மட்டும் பிடித்தால் போதும். உறவுக்கும் பங்கம் வராது.

என்ஆர்ஐ வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு, வாடகையில் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஊரில் பலருக்கு இது தெரியாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் ஒப்பந்தம் போடும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (சிவகாசி, ஒரு தந்தை): மகன் சிங்கப்பூரில் வேலையை விட்டு ஊருக்கு வருகிறான். கடைசி மாதச் சம்பளத்தை முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார். ஏமாற்றுகிறாரா?

அவசரப்பட்டுப் பழி சொல்ல வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால் முதலாளி ஐஆர்21 என்ற படிவத்தை அந்நாட்டு வருமான வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். வரிப் பாக்கி தீரும் வரை சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டமே அப்படித்தான். வரி போக மிச்சம் அவருக்கு வரும். படிவம் கொடுத்தாயிற்றா, எந்தத் தேதியில் என்று மகன் கேட்கட்டும். ஓர் ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்குக் குறைவாக இருந்தவருக்குச் சம்பளத்தில் குறைந்தது 15 சதவீதம். எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று வரி மதிப்பீட்டுத் தாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (விருதுநகர், ஒரு தாய்): மகள் எச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறாள். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்றுதானே அதில் போட்டோம்?

இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே வசிப்பவராகிவிட்டால் உலகம் முழுவதும் வரும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். விருதுநகர் வங்கி வட்டியும் அதில் சேரும். இன்னொன்று அம்மா: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அவர் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பிஏஆர் என்ற அறிக்கை தர வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கில் வசதிக்காக மகள் பெயரையும் சேர்த்திருந்தால் அந்தக் கணக்கும் சேரும். கெடு ஏப்ரல் 15. தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். வரி ஒன்றும் இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் தெரியாமல் விட்டாலே அபராதம் 10,000 டாலரைத் தாண்டியும் போகலாம். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக அபராதம் போட முடியாது, ஆண்டறிக்கைக்கு ஒன்றுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் பிட்னர் வழக்கில் சொன்னது மட்டும் ஆறுதல்.

கேள்வி (காரைக்குடி): தாத்தா காலத்தில் ஈப்போவில் வாங்கிய கடைக்கு வாடகை வருகிறது. மலேசியாவில் வரி கட்டுகிறோம். இங்கேயும் கட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதே நம் பக்கத்து ஆட்கள்தான். ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தின் வழக்கு அது, பி.வி.ஏ.எல். குளந்தகன் செட்டியார் வழக்கு என்று வரி வக்கீல்களுக்கு மனப்பாடம். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அந்த வருமானத்துக்கு மலேசியாவில்தான் வரி, இந்தியா மறுபடி போட முடியாது என்று 2004இல் தீர்ப்பு வந்தது. அதை அப்படியே நம்பி இன்றைக்கும் ரிட்டர்னில் காட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2008 ஆகஸ்டில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. அதன்படி அத்தகைய வருமானத்தை இங்கேயும் காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். இங்கே வசிக்கும் நீங்கள் வாடகையையும் காட்டுங்கள், கடையையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டுங்கள். கடை அசையாச் சொத்து என்பதால் அந்த 20 லட்சத் தளர்வு உங்களுக்கு உதவாது. மலேசிய வரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (நரிக்குடி): 14 வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். அங்கே இன்னும் கொஞ்சம் பணம் இருக்கிறது. உடனே இங்கே வரி தொடங்கிவிடுமா?

நல்வரவு. உடனே தொடங்காது. கடந்த 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்ஆர்ஐயாக இருந்தவரையும், கடந்த 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மேல் இங்கே தங்காதவரையும் சட்டம் இடைநிலையில் வைக்கிறது. பெரும்பாலும் ரெண்டு மூணு ஆண்டு இந்த நிலை நீடிக்கும். அதுவரை மஸ்கட் வங்கி வட்டிக்கு இங்கே வரி இல்லை; அந்தக் கணக்கை ரிட்டர்னில் காட்டவும் தேவையில்லை. ஆனால் என்ஆர்இ கணக்கு விஷயத்தில் இந்தக் கால அவகாசம் கிடையாது. நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டால் வங்கியில் சொல்லி மாற்ற வேண்டும்; அன்றிலிருந்து வட்டிக்கு வரி உண்டு. வளைகுடா என்றால் வரியே இல்லை என்ற காலமும் மாறுகிறது. ஓமன் 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 5 சதவீத வரி போடச் சட்டம் இயற்றிவிட்டது. அந்த அளவு சம்பளம் வாங்குபவர் நம் பக்கத்தில் குறைவுதான்.

கேள்வி (மல்லாங்கிணறு): தம்பியின் பான் செயலிழந்துவிட்டது என்று வங்கியில் சொல்கிறார்கள். ஆதார் இணைக்கவில்லை.

என்ஆர்ஐக்கு ஆதார் இணைப்பு கட்டாயம் இல்லை. ஆனால் வரித்துறை இணையதளத்தில் அவர் இன்னும் இங்கே வசிப்பவர் என்றே பதிவாகியிருப்பார். 2023 ஜூலையில் இப்படித்தான் வெளிநாட்டில் இருப்பவர்களின் பான்கள் செயலிழந்தன. அவர் உள்ளே நுழைந்து தன் நிலையை என்ஆர்ஐ என்று மாற்றி, பாஸ்போர்ட் நகலோடு வரித்துறைக்குத் தெரியப்படுத்தட்டும்.

கேள்வி (விருதுநகர்): புதுச் சட்டம் வந்துவிட்டதாமே, இதெல்லாம் மாறிவிடுமா?

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறை. பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன; நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் வரி ஆண்டு என்று ஒன்றே இருக்கும். 182, 120 நாள் கணக்குகள் அப்படியே தொடர்கின்றன. 2025-26க்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான். ஐடிஆர்-2 போடுபவர்களுக்கு அதற்குக் கெடு 2026 ஜூலை 31.

அடுத்த முறை கேள்வி அனுப்புபவர்கள் மூன்று விவரம் மறக்காமல் எழுதுங்கள்: எந்த நாடு, அந்த ஆண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள், இந்தியாவில் வரும் வருமானம். பான், ஆதார், வங்கிக் கணக்கு எண் எதையும் எழுத வேண்டாம். ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று போனில் யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.